லைன் போன தெருவும் ஸ்க்ரோல் சித்தப்பாவும்

கோயமுத்தூரில் ஸ்க்ரோல் சித்தப்பா ஒப்புக்கொள்ளாமல் ஒருத்தரும் சாக முடியாது. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பந்தல் போட்டு ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருக்கலாம். பங்காளிகள் வரப்புச் சண்டையைக்கூட ஆரம்பித்திருக்கலாம். சித்தப்பா போன் போட்டு நாலு பேரிடம் விசாரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கீபோர்டில் 'காலமானார்' என்று அடிக்கிற வரைக்கும் எங்களைப் பொறுத்தவரை அந்த ஆள் உயிரோடுதான் இருப்பார்.

எங்கள் என்றால், திருச்சி ரோட்டில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த லோக்கல் கேபிள் சேனல். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அங்கே தயாரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். தயாரிப்பு உதவியாளர் என்றதும் நானும் ஏதோ தயாரிக்கப் போகிறேன் என்று நம்பினேன். முதல் மூன்று மாதம் நான் தயாரித்தது டீ. அது போக, கேமராவை நிறுத்துகிற டிரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவது, அதற்கும் ஒரு டிக்கெட் எடு என்கிற கண்டக்டரோடு சண்டை போடுவது, செய்தி வாசிக்கிறவர் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா என்று பார்ப்பது, மைக் பேட்டரியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி இன்னும் ஒரு பேட்டிக்கு உயிர் கொடுப்பது. இதெல்லாம்தான் டெலிவிஷன் என்று யாரும் காலேஜில் சொல்லித் தரவில்லை.

ஆனாலும் எங்கள் வீட்டில் நான் பெரிய ஆள். தாத்தாவும் ஆத்தாவும் சூலூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அப்பா சிங்காநல்லூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை. அம்மா வீட்டிலேயே பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை பார்த்தாள். தைத்து வருகிற பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் கத்தரித்துத் தர வேண்டும். எங்கள் வம்சத்திலேயே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்யப் போன முதல் ஆள் நான். அந்த ஃபேனும் ஆறு மாதத்துக்குத்தான் என்று சேரும்போதே எம்.டி. சொல்லிவிட்டார். "ஆறு மாசம் பாக்கறன். அப்பறம் இருக்கறதா போறதான்னு சொல்றன்" என்றார். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், ஃபவுண்டரியில் எல்லாரிடமும் "என்ற புள்ள டிவியில" என்று சொல்லி முடித்திருந்தார்.

சித்தப்பாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். எம்.டி. முதல் கீழே ரீவைண்டிங் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர் வரை எல்லாருக்கும் சித்தப்பா. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன், மூன்று பேனா. டிவி திரைக்கு அடியில் ஓடுகிற எழுத்து வரிக்கு ஸ்க்ரோல் என்று பெயர். தங்கம் விலை, நாமக்கல் முட்டை விலை, நாளைய மின்தடை, காதுகுத்து வாழ்த்து, சாவு எல்லாம் அதில்தான் ஓடும். அந்த ஒரு வரிக்கு அவர் ராஜா. என்னை அந்த கீபோர்டின் மேல் தூசி துடைக்கக்கூட விடமாட்டார். காலை பதினொன்றரை மணிக்கே தயிர்சாதத்தைத் திறந்துவிடுவார்.

"சாவுச் சேதி பன்னெண்டு மணிக்கு மேலதானுங்க அம்மணி கூடி வரும். பசியில அடிச்சா இனிசியல் தப்பாயிருமுங்க" என்பார்.

'பலி' என்ற சொல்லை அவர் அடிக்க மாட்டார். "அது ஆட்டுக்குங்க" என்பார். 'பரிதாபமாக' என்றும் அடிக்க மாட்டார். "பரிதாபம் பாத்தவனுக்குங்க. செத்தவன் ஒண்ணுஞ் சொல்லலீங்களே." மற்ற சேனல்களில் இரத்தம் சொட்டச் சொட்ட எழுத்து ஓடும்போது, எங்கள் சேனலில் ஏதோ மாற்றலாகிப் போனவரை வழியனுப்புகிற மாதிரி ஒரு வரி ஓடும்.

அவர் சேதியை உறுதி செய்கிற விதம் இருக்கிறதே, அது செத்தவருக்கே தாங்காது. ஒரு முறை வரப்புத் தகராறில் யாரோ விரோதத்துக்காக ஒரு பெரியவர் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா அந்த வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது அந்தப் பெரியவர்.

"ஏனுங்க, நீங்க தவறிட்டதா ஒரு சேதி வந்துதுங்க. உறுதிங்களா?"

"இல்லீங்களே. இப்பத்தான் சாப்புட்டு வந்து உக்காந்தேன்."

"அப்படீங்களா. சரிங்க, உக்காருங்க."

வைத்துவிட்டார். அவர் குரலில் வருத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெரியவர்தான் பாவம், அன்று சாயங்காலம்வரை நாலு தடவை எங்களுக்குப் போன் போட்டு, தான் இன்னும் இருப்பதாகத் தகவல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு முறை சிங்காநல்லூர் குளம் நிரம்பிவிட்டதாகச் சேதி. எல்லாச் சேனலிலும் ஓடிவிட்டது. சித்தப்பா மட்டும் பஸ் ஏறிக் குளத்தைப் போய்ப் பார்த்தார். பார்த்து, நாலு பேரிடம் விசாரித்துத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் அரையடி இறங்கிவிட்டது. யோசித்துப் பார்த்து, 'சிங்காநல்லூர் குளம் நிரம்பியிருந்தது' என்று அடித்தார். எம்.டி. அன்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கீழே ரீவைண்டிங் கடைவரை கேட்டது.

எம்.டி.க்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஏரியாவில் லைன் போகும். காற்றுமில்லை மழையுமில்லை, திடீரென்று ஒரு தெரு முழுக்க டிவி செத்துவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்துத் தானாக வரும். சீரியல் பார்க்கிற பெண்கள் போன் போட்டு எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். கம்பத்தில் ஏறிக் கேபிள் ஒயர் வேலை பார்க்கிற செல்வத்தைக் கேட்டால், "அணிலுங்க சார், ஒயரைக் கடிச்சுப்போடுது" என்பான். கோயமுத்தூரில் அவ்வளவு பசியுள்ள அணில்கள் இருப்பதை எம்.டி. நம்பவில்லை.

ஐந்தாவது மாதம் என்னைக் கூப்பிட்டார். "போட்டிச் சேனல்காரன் எவனோ ஆளு வெச்சு அறுக்கறான். நீ போயி எந்தெந்தத் தெரு, எத்தன மணின்னு விசாரிச்சு, ஆளு யாருன்னு கண்டுபிடி. பிடிச்சா வேலை நிரந்தரம். இல்லீன்னா வர்ற ஒண்ணாந் தேதியோட நீ வேற பாத்துக்க."

டிரைபாடு இல்லாமல் பஸ்ஸில் போகிற சந்தோஷத்தில் கிளம்பினேன். முதல் தெருவுக்குப் போனேன். லைன் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. தெருவில் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு போன். ஒருத்தி தன் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"ஏனுங்க, இருக்கறீங்களா?"

"இருக்கறன். ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க. வெச்சுடறன்."

அடுத்தவளும் தன் வீட்டுக்காரருக்குப் போட்டாள். அதே கேள்வி, அதே பதில். கல்யாணமாகி இருபது வருடத்தில் ஒரு நாளும் வேலை நேரத்தில் போன் பண்ணாத மனைவி கூப்பிட்டதில் ஒரு மனிதர் பயந்துபோய் அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டார். இன்னொருவர் பேசும்போது பின்னால் கிளாஸ் சத்தம் கேட்டதால், உயிரோடு இருப்பதற்காக அன்று அடி வாங்கினார்.

எனக்குப் புரியவில்லை. ஒரு பெண்தான் சொன்னாள். "லைன் போனாலே எங்களுக்குக் கை காலு ஓடறதில்லீங்க அம்மணி. யாரூட்டுக்கோ கெட்ட சேதி வருதுன்னு அர்த்தமுங்க. போன மாசம் லைன் போச்சு, முக்கு ஊட்டு மாப்பிள்ளை லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. அதுக்கு முந்தி லைன் போச்சு, எதுத்தூட்டுப் பையன் கிணத்துல."

நடுவில் ஒரு தடவை நிஜமாகவே அணில் கடித்திருக்கிறது. அன்று நான்கு தெருப் பெண்கள் உலையை இறக்கிவைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அழுதார்களாம். யாருமே சாகவில்லை.

ஆபீசுக்கு வந்து, லைன் போன நாளையும் நேரத்தையும் ஸ்க்ரோல் ஓடிய நாளையும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விபத்தில் ஒருவர் இறந்ததாக எங்கள் ஸ்க்ரோல் ஓடிய ஒவ்வொரு முறையும், ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் வீடு இருக்கிற தெருவில் லைன் போயிருந்தது. நேராகப் போய்ச் செல்வத்தின் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே கம்பத்தில் நின்றுகொண்டிருந்தவன் ஏணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஆட்டாதீங்க்கா. சித்தப்பாதான் சொன்னாரு" என்றான்.

சித்தப்பா மறுக்கவில்லை. தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நாஞ் சேந்த புதுசுல போலீஸ்ல இருந்து ஒரு பேரு வந்துதுங்க. பழனிசாமி, முப்பத்தெட்டு, லாரி ஓனர், பெருந்துறை ரோட்டுல ஆக்சிடென்ட். அடிச்சு ஓட்டிப்போட்டேன். அது என்ற தங்கச்சி மாப்பிள்ளைங்க. ஊட்டுல எல்லாரும் தம்புன்னுதான் கூப்புடுவோம். பழனிசாமின்னு கல்யாணப் பத்திரிகையில ஒருக்கா பாத்ததோட சரி. அப்ப நம்ம சேனலு பவானிவரைக்கும் வருமுங்க. தங்கச்சி அங்க டிவிக்கு முன்னால உக்காந்து புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு இருந்திருக்குது. மேல காமெடி ஓடுதுங்க. கீழ அவ புருசன் பேரு ஓடுது."

"அப்பறம்?"

"அப்பறம் எங்கூடப் பேசறதில்லீங்க. பதினாலு வருசமாச்சு. நானே அடிச்சதுன்னு அதுக்குத் தெரியும்."

அதனால்தான் அந்த விசாரணை எல்லாம். யாராவது திடீரென்று போனால், தெருவும் வீடும் தெரிந்ததும் முதல் போன் செல்வத்துக்கு. எந்தச் சேனலில் எவன் முந்தினாலும் அந்த வீட்டு டிவியில் தெரியாது. சொந்தக்காரர் ஒருத்தர் அந்த வீட்டுக்கு வந்து, கையைப் பிடித்துச் சொன்ன பிறகு லைனைக் கொடுக்கச் சொல்வார்.

"நீங்க நல்லது பண்றதா நெனைக்கறீங்க சித்தப்பா. அங்க தெருவே நடுங்குது" என்றேன். பெண்கள் போனோடு நிற்பதைச் சொன்னேன்.

அது அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படீங்களா. அதை நான் யோசிக்கவே இல்லீங்களே" என்றார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டால்தான் எனக்கு நிம்மதி. மறுநாள் காலையில் எம்.டி. அறைக்குப் போய், லைனைக் கட் பண்ணச் சொல்வது சித்தப்பாதான் என்று சொன்னேன். ஏன் செய்கிறார் என்பதையும் சொன்னேன். எம்.டி. காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. தெருப் பெண்கள் நடுங்குவதற்காகச் சொன்னேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். பொய். ஃபேன் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"நம்ம சேனலை நம்ம ஆளே அணைக்கறானா?" என்று எம்.டி. கத்தினார். மத்தியானத்துக்குள் சித்தப்பாவை அனுப்பிவிட்டார். அவர் டப்பா, கண்ணாடி துடைக்கிற துணி, நாற்காலியில் போட்டிருந்த பவானி ஜமுக்காளத் துண்டு மூன்றையும் பையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் வந்தார். நான் எதையோ தேடுகிற மாதிரி மேஜை டிராயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"வாரேனுங்க அம்மணி. ஸ்க்ரோலை நீங்கதான் பாத்துக்குவீங்கன்னு நெனைக்கறன். பேரு வந்தா ஊட்டுல என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாங்கன்னும் கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை நிரந்தரமாயிற்று. சித்தப்பாவின் நாற்காலி எனக்கு. இனிமேல் முதலில் ஓட்டு, அப்புறம் விசாரி என்பது எம்.டி. போட்ட புதுச் சட்டம். செல்வத்தை, கம்பத்தில் கை வைத்தால் போலீசில் கொடுப்பேன் என்று மிரட்டி வைத்திருந்தார். நான் வீட்டில் சித்தப்பா பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. ஐந்தாவதுவரை படித்தவள். காலையில் எங்கள் சேனலைப் போட்டுவிட்டுப் பிசிறு வெட்ட உட்கார்ந்தால், ஓடுகிற ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். "எம்புள்ள அடிச்சது" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வாள். முட்டை விலையைக்கூடச் சொல்வாள்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் ஷூட்டிங். ஸ்க்ரோலை எம்.டி.யே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார். மல்லிகை ஏலம் நடக்கிறது. ஒரே இரைச்சல். பதினொரு மணி இருக்கும், சிங்காநல்லூர்ப் பக்கம் சேதி கொடுக்கிற நிருபர் பழக்கத்தில் எனக்குப் போன் போட்டார்.

"அக்கா, எழுதிக்கோங்க. ஃபவுண்டரியில தூக்கற செயின் அறுந்து, இரும்பு அச்சுப்பெட்டி ஆளு மேல வுழுந்துருச்சு. ஒருத்தர் அங்கயே போயிட்டாரு. மா. ஆறுமுகம்."

நான் பேடில் எழுதினேன். "வயசு?"

"அம்பத்திரெண்டு."

எழுதினேன். "ஊடு எங்க?"

எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார். அதையும் எழுதினேன். இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறேனா என்று ஒரு தடவை சரிபார்த்தேன். சரிபார்க்கும்போதுதான் படித்தேன்.

"ஆபீசுக்கும் சொல்லிட்டேங்க்கா. எம்.டி. இப்பவே ஓட்டறன்னாரு" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அப்பா செத்துவிட்டார் என்று எனக்கு அழுகை வரவில்லை. அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. மா... ஆ... று... என்று அவள் எழுத்துக் கூட்டுகிற குரல் காதில் கேட்டது. அம்மாவுக்குப் போன் போட்டால் நான் என்ன சொல்வது? பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டால் அழுதுகொண்டே ஓடுவாள். எம்.டி. எடுக்கவில்லை. செல்வம் எடுக்கவில்லை. இனி ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது. இரண்டு மாதமாக நான் கூப்பிடாத நம்பர். கூப்பிட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லாத நம்பர்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"சித்தப்பா, நான்..."

"தெரியுமுங்க அம்மணி. ஆம்புலன்ஸ்காரர் சொன்னாருங்க. நாலு பேருகிட்டக் கேட்டுட்டேன். உறுதிங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லைன் போயி பத்து நிமிசமாச்சு. நான் உங்கூட்டுலதான் உக்காந்திருக்கறன். அம்மா மோரு கொண்டார உள்ள போயிருக்குது. நீங்க பொறுமையா வாங்க. டிரைவரை வெரட்டாதீங்க."

ஆம்னி வேனில் இரண்டேகால் மணி நேரம். அந்த இரண்டேகால் மணி நேரம் என் வீட்டில் என்ன நடந்தது என்பதை அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லைன் போனால் பெண்கள் பயப்படுவார்கள் என்று நான் சொன்னதை மனிதர் மறக்கவில்லை. இந்த முறை மறைந்து செய்யவில்லை. செல்வத்தின் ஏணியை எடுத்து வந்து, தெரு நடுவில் சத்தமாக, "ஒயர் மாத்தறோமுங்க, சித்த நேரம் டிவி வராதுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு, ஐம்பத்தைந்து வயதில், முழுக்கைச் சட்டையோடு தானே கம்பத்தில் ஏறியிருக்கிறார். பாதியில் இறங்கத் தெரியாமல் தொங்கியிருக்கிறார். கீழே அம்மா முதற்கொண்டு எல்லாரும் திட்டியிருக்கிறார்கள். "வயசான காலத்துல இந்த வேலை எதுக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டுத்தான் அம்மா மோர் கொடுத்தாளாம். ஒருவரும் பயப்படவில்லை.

உட்கார்ந்தவர் எழவில்லை. தன் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி அம்மாவின் போனை வாங்கிக்கொண்டார். அது மூன்று தடவை அடித்தது. ஃபவுண்டரியிலிருந்து. மூன்று தடவையும், "போன் கம்பெனிக்காரனுங்க, பாட்டு வெச்சுக்கச் சொல்றான்" என்று கட் பண்ணினார். செல்வம் தெரு முக்கில் நின்று, துக்கம் சொல்ல வந்த ஃபவுண்டரி ஆட்களை டீக்கடையில் உட்கார வைத்திருந்தான். பேச்சு தீர்ந்துபோனதும் சித்தப்பா, "சும்மா உக்காந்திருக்கறதுக்கு நானும் வெட்டறனுங்க" என்று கத்தரிக்கோலை வாங்கியிருக்கிறார்.

நான் உள்ளே நுழைந்தபோது, கம்பத்துக் கரி அப்பிய வெள்ளைச் சட்டையோடு, சம்மணம் போட்டு, பனியன் குவியலுக்கு நடுவில் அவர் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு" என்றாள் அம்மா. "இந்த லைன்காரரைச் சித்தக் கேளு. டிவிய நிறுத்திப்போட்டு எம் பனியன நாசம் பண்றாரு. ஏங் கண்ணு, சத்தியமங்கலம்னு போன, அதுக்குள்ள..."

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க லைன் பாக்க வந்தவரு இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றார் சித்தப்பா. கத்தரிக்கோலைக் கீழே வைத்து, அம்மாவின் போனை அதன் பக்கத்தில் வைத்து, வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். நான் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

எங்கள் சேனலில் அன்று 'ஃபவுண்டரி தொழிலாளி பரிதாப பலி' என்று நாள் பூராவும் ஓடியதாம். நாங்கள் பார்க்கவில்லை. தெருவுக்கு லைன் வந்தது மூன்றாம் நாள்தான்.

இரண்டு மணி நேரம் ஒருத்தியிடம் அவள் புருஷன் சாவை மறைத்து வைப்பது சரியா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். "அந்த ரெண்டு மணி நேரம் நான் சிரிச்சுட்டு இருந்தங் கண்ணு. அதுக்கு அவரை வெய்யறதா கும்புடறதான்னு தெரியல" என்றாள். சில நாள் வைதாள், சில நாள் கும்பிட்டாள்.

காரியம் முடிந்த அன்று சித்தப்பாவைத் தனியாகப் பிடித்தேன். "எம்.டி.கிட்ட உங்களைச் சொன்னது நாந்தாங்க சித்தப்பா" என்றேன்.

"தெரியுமுங்க. அந்த ரூம் செவுரு ப்ளைவுட்டுங்க அம்மணி. பேசறது பூரா என்ற டேபிளுக்குக் கேக்கும்." கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கு வேலை வேணுமில்லீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவி மனிதர், அதைக்கூடச் செய்யவில்லை.

நான் அந்த மாதமே சேனலை விட்டு ஒரு எஃப்.எம். ரேடியோவுக்கு உதவியாளராகப் போனேன். இப்போது அங்கேயே நிகழ்ச்சித் தயாரிப்பாளர். நிஜமாகவே தயாரிக்கிறேன். சித்தப்பா வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். அவர் வெட்டிய பனியன்களில் ஏழில் துணியும் சேர்ந்து போயிருந்ததை அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டுவாள். அவர் ஒவ்வொரு தடவையும், "அப்படீங்களா" என்பார்.

போன மாதம் ஒரு காலையில் ரிக்கார்டிங் நடந்துகொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வம் வந்து நின்றான். என் நம்பர் அவனிடம் இருக்கிறது. போன் பண்ணியிருக்கலாம். பண்ணாமல் இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். நான் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நானும் அம்மாவுக்குப் போன் பண்ணவில்லை. நேராக வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, சித்தப்பா தவறிவிட்டார் என்று சொன்னேன். அப்பாவுக்கு அழுததற்குக் கொஞ்சமும் குறையாமல் அழுதாள். நானும்தான்.